கொடும்பாளூர் வேளிர்

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், விராலிமலையைக் கடந்து சற்றுத் தெற்கே சென்றால் கொடும்பாளூர் என்னும் சிற்றூர் எதிர்ப்படும். இன்று அது புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்தது. வயலும் குளமும் சில வீடுகளுமாய் அமைந்த அவ்வூரை முதன்முறை காண்பவர், சோழவேந்தர் பெண் கொடுத்தும் பெண் கொண்டும் உறவு பூண்ட பெருங்குடி ஒன்று அங்கே வாழ்ந்தது என்பதை எளிதில் நம்பார். வெட்டவெளியில் நிற்கும் இரண்டு கற்றளிகளே அதற்குச் சான்று பகர்கின்றன. அவற்றிற்கு மூவர் கோயில் என்பது பெயர். பெயரில் மூன்று உள்ளன, நிற்பனவோ இரண்டே. வடபால் இருந்த மூன்றாம் தளியின் அடித்தளம் மட்டுமே இன்று எஞ்சியுள்ளது. கொடும்பாளூர் வேளிரின் வரலாறும் இக்கோயிலைப் போன்றதே. அதில் நிற்பனவும் உள்ளன, இடிந்தனவும் உள்ளன. நிற்பனவற்றைக் கொண்டு இடிந்தவற்றை எந்த அளவிற்கு அறியலாம் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

பெருவழியில் அமைந்த ஊர்

கொடும்பாளூர் பழமையான ஊர். உறையூரிலிருந்து மதுரை நோக்கிச் சென்ற கோவலனுக்கும் கண்ணகிக்கும் மாங்காட்டு மறையோன் வழி கூறும் பகுதி சிலப்பதிகாரத்தில் வருகிறது. கொடும்பை என்னும் ஊரின் நெடுங்குளத்துக் கரையை அடைந்தால், ஆங்கே சிவபெருமான் ஏந்திய சூலத்தைப் போல வழி மூன்றாகப் பிரியும் என்று அம்மறையோன் கூறுகின்றான். அக்கொடும்பையே கொடும்பாளூர் என்பர். சோழ நாட்டையும் பாண்டிய நாட்டையும் இணைத்த பெருவழி இவ்வூரின் வழியே சென்றது. வணிகச் சாத்தும் படையும் துறவியரும் அவ்வழியே சென்றனர். ஆதலின் இவ்வூரை ஆள்பவன் எவனோ, அவன் நட்பை இரு வேந்தரும் விரும்புவர். அவன் பகையை இருவரும் அஞ்சுவர். குறுநிலத் தலைவர் குடி ஒன்று பேரரசர் இருவரிடையே பல நூற்றாண்டு நிலைத்து நின்றமைக்கு இந்நிலவியல்பும் ஒரு காரணமாகும்.

குடியின் தொன்மை

தமிழகத்துக் குறுநிலத் தலைவருள் வேளிர் எனப்பட்டோர் ஒரு பிரிவினர். பாரி, ஆய் முதலிய வள்ளல்கள் வேளிரே. அவருள் இருங்கோவேள் என்பான் ஒருவன். கரிகாற்சோழன் வென்றடக்கிய தலைவருள் இருங்கோவேளும் ஒருவன் எனப் பட்டினப்பாலை உரைக்கும். புறநானூற்றின் 201, 202ஆம் பாடல்கள் இருங்கோவேளை முன்னிலைப்படுத்திக் கபிலர் பாடியன. வடபுலத்து முனிவன் ஒருவனுடைய வேள்விக் குண்டத்தில் தோன்றி, துவரை என்னும் நகரை ஆண்டு, நாற்பத்தொன்பது தலைமுறையாகத் தொடர்ந்து வந்த குடி இவன் குடி என்று கபிலர் குறிப்பிடுகின்றார்.

கபிலர் இக்குலமுறையைக் கூற நேர்ந்த சூழ்நிலை துன்பம் மிக்கது. பாரி இறந்தபின் அவன் மகளிர் இருவரையும் தம் மக்களாகக் கொண்டு, தக்க மணமகனைத் தேடிக் கபிலர் நடந்தார். இருங்கோவேளின் குடிப்பெருமையை எடுத்துக் கூறி, அம்மகளிரை மணந்துகொள்ளுமாறு வேண்டினார். அவன் ஏற்றிலன். புலவரை மதியாமையால் அவன் முன்னோருடைய அரையம் என்னும் ஊர் அழிந்தமையை நினைவூட்டி, மனம் நொந்து கபிலர் திரும்பினார். நாற்பத்தொன்பது தலைமுறைப் பெருமையும், தந்தையை இழந்த இருவர்க்குப் புகலாக அன்று அமையவில்லை.

இதே கொடும்பாளூரில், கோனாட்டை ஆண்ட இருக்குவேளிர் குலத்தில் தோன்றியவராகப் பெரியபுராணம் கூறும் அடியார் இடங்கழி நாயனார். சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் இவரை வணங்குதலால், இவர் சுந்தரர்க்கு முற்பட்டவராவார். சிவனடியார்க்கு நாள்தோறும் அமுதளித்து வந்த அன்பர் ஒருவர், தம் கைப்பொருள் முற்றும் தீர்ந்தமையால், நள்ளிரவில் இடங்கழியாரின் நெற்களஞ்சியத்துட் புகுந்து நெல்லை எடுத்தார். காவலர் அவரைப் பற்றி வந்து அரசர் முன் நிறுத்தினர். காரணத்தைக் கேட்டறிந்த இடங்கழியார் அவரைத் தண்டித்திலர். இத்தகையவரே தமக்குரிய பண்டாரம் என்று கூறி விடுவித்தார். அடியார் வேண்டுவோர் நெல்லை மட்டுமன்றி நிதியையும் எடுத்துச் செல்லலாம் எனப் பறை அறைவித்தார்.

இருங்கோவேள் என்னும் பெயரும் இருக்குவேள் என்னும் பெயரும் தம்முள் நெருங்கியவை. இருவரும் ஒரே குடியினர் எனக் கருதுவது பொருத்தமே. ஆயினும், சங்ககாலத்து இருங்கோவேளையும் பிற்காலத்து இருக்குவேளிரையும் தந்தை, மகன், பெயரன் என இணைக்கும் பெயர்வரிசையை இலக்கியம் தரவில்லை. புலவர் பாட்டு குடியின் புகழைக் காக்கும்; தலைமுறைக் கணக்கைக் காப்பது அதன் தொழில் அன்று. அக்கணக்கை அறியக் கல்வெட்டையே நாடல் வேண்டும்.

கல்லில் எழுதிய குலமுறை

மூவர் கோயிலின் நடுத்தளிச் சுவரில் வடமொழிக் கல்வெட்டு ஒன்று கிரந்த எழுத்திற் பொறிக்கப்பட்டுள்ளது. கோயிலை எடுப்பித்த பூதி விக்கிரமகேசரி என்பான் தன் குலமுறையை அதில் வரைவித்துள்ளான். கல்வெட்டின் தொடக்கம் சிதைந்துபோயிற்று. ஆதலால், குடியின் முதல்வனாக அவன் எவனைக் கூறினானோ அவன் பெயர் மறைந்தது. பாண்டியனுடைய யானைக் கூட்டத்தைக் கைப்பற்றியவன் என்னும் புகழுரை நிற்கிறது. புகழுக்கு உரியவன் பெயர் இல்லை.

அவனுக்குப்பின் பரவீரஜித்து, வீரதுங்கன், அதிவீரன், சங்ககிருத்து, நிருபகேசரி, பரதுர்க்கமர்த்தனன், சமராபிராமன் என்போர் முறையே கூறப்படுகின்றனர். பரதுர்க்கமர்த்தனன் என்பதற்குப் பகைவர் கோட்டைகளை அழித்தவன் என்பது பொருள். அவன் வாதாபியை வென்றவன் எனவும் புகழப்படுகின்றான். அவன் மகன் சமராபிராமன் அதிராசமங்கலப் போரில் சளுக்கி என்பானைக் கொன்றான். சோழர்குல மகளாகிய அனுபமையை மணந்தான். அவ்விருவர்க்கும் பிறந்தவனே பூதி விக்கிரமகேசரி. அவன் பல்லவர் படையைக் காவிரிக் கரையில் வென்றான்; வீரபாண்டியனை வென்றான்; வஞ்சிவேள் என்பானை அழித்தான். கற்றளி, வரகுணை என்னும் இருவர் அவன் தேவியர். கற்றளி வயிற்றில் பராந்தகன், ஆதித்தவர்மன் என்னும் மைந்தர் இருவர் பிறந்தனர். தன் பெயரால் ஒன்றும் தேவியர் பெயரால் இரண்டுமாக அவன் எடுப்பித்த மூன்று தளிகளே மூவர் கோயில்.

காலத்தை அறிதல்

இக்கல்வெட்டில் ஆண்டு குறிக்கப்படவில்லை. ஆகவே, பூதியின் காலம் எது என்னும் வினா அறிஞரிடையே நெடுநாள் ஆராயப்பட்டது. அவர்கள் ஆராய்ந்த முறை மாணவர் அறிந்துகொள்ளத் தக்கது.

வாதாபி நகரைப் பல்லவன் முதல் நரசிம்மவர்மன் கைப்பற்றியது கி.பி. 642இல். பரதுர்க்கமர்த்தனன் அப்போரிற் கலந்துகொண்டவன் எனக் கொள்வோமாயின், ஒரு தலைமுறைக்கு முப்பது ஆண்டாக, அவன் பெயரனாகிய பூதி கி.பி. 700ஐ ஒட்டி வாழ்ந்தவனாதல் வேண்டும். ஆனால் கோயிலின் கட்டட அமைதியும் எழுத்தின் வடிவும் அதற்கு மிகவும் பிற்பட்டவை. எனவே, வாதாபியை வென்றவன் என்னும் பட்டம் ஒன்றை மட்டும் கொண்டு காலத்தை முடிவு செய்தல் இயலாது.

காவிரிக் கரையில் பல்லவரோடு பொருதான் என்பதை நோக்குவோர், பூதியை ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த முதல் ஆதித்த சோழன் காலத்தவன் என்பர். ஆதித்தனுக்குப்பின் பல்லவர் பேரரசராக விளங்கவில்லை என்பது அவர் காட்டும் காரணம். வீரபாண்டியனை வென்றான் என்பதையும், மைந்தர்க்குப் பராந்தகன், ஆதித்தன் என்னும் சோழர் பெயர்கள் அமைந்ததையும் நோக்குவோர், அவனைப் பத்தாம் நூற்றாண்டின் நடுவில் ஆண்ட சுந்தர சோழன் காலத்தவன் என்பர். சுந்தர சோழனுக்கு இரண்டாம் பராந்தகன் என்பதும் பெயர். அவன் மகன் ஆதித்தன் வீரபாண்டியன் தலைகொண்டவன் எனப் புகழப்பட்டவன் என்பது அவர் காட்டும் காரணம். இருசாராரும் ஒரே கல்வெட்டையே படித்தனர்; அதில் உள்ள இருவேறு சொற்களை ஊன்றுகோலாகக் கொண்டனர்.

இத்தகைய மயக்கம் நேர்தற்குத் தமிழர் வழக்கம் ஒன்றும் காரணமாகும். பாட்டன் பெயரைப் பெயரனுக்கு இடுதல் நம் மரபு. பாட்டனின் பெயரை உடையவன் என்னும் பொருள்பட்ட பெயரன் என்னும் சொல்லே பேரன் என மருவிற்று. ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறையில் மீண்டும் மீண்டும் வருமாயின், கல்வெட்டிற் காணும் பூதி பாட்டனா பேரனா என்று துணிதல் அரிதாகும். அதனொடு, குறுநிலத் தலைவர் தம் பேரரசர் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொள்ளுதலும் உண்டு. இக்குடியினருள் தென்னவன் இளங்கோவேள் என்னும் பெயரும் செம்பியன் இருக்குவேள் என்னும் பெயரும் காணப்படுகின்றன. தென்னவன் என்பது பாண்டியனைக் குறிக்கும்; செம்பியன் என்பது சோழனைக் குறிக்கும். இரு வேந்தர்க்கும் நடுவே வாழ்ந்த குடியின் நிலைமை அப்பெயர்களிலேயே புலனாகின்றது.

1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த கல்கியின் பொன்னியின் செல்வனைப் படித்தோர், கொடும்பாளூர்ப் பெரிய வேளார் பூதி விக்கிரமகேசரியை நன்கறிவர். அது கற்பனை கலந்த புதினம். புதினம் ஓர் உருவத்தைக் கண்முன் நிறுத்தலாம். அது காலத்தை நிறுவும் சான்று ஆகாது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி உணர்தல் வரலாறு கற்பார்க்கு முதற்கடமை.

நிலமும் உரிமையும்

கொடும்பாளூர், கோனாட்டில் உறத்தூர்க் கூற்றத்தைச் சேர்ந்தது எனக் கல்வெட்டுகள் கூறும். வெள்ளாற்றிற்கு வடக்கே பரந்தது கோனாடு. தெற்கே இருந்தது கானாடு. கோனாட்டுப் பகுதி காவிரி பாயும் கழனி நிலம் அன்று. மழைநீரை ஏரியிலும் குளத்திலும் தேக்கிப் பயிர் செய்யும் வானம் பார்த்த நிலம். ஆண்டு முழுதும் நீர் ஓடும் ஆறு இல்லாத நாட்டில், குளம் காப்பவனே குடி காப்பவன். சிலப்பதிகாரம் இவ்வூரைச் சுட்டுமிடத்து நெடுங்குளத்தைக் கூறியதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இக்குடியின் தொடர்பு கோனாட்டோடு நின்றுவிடவில்லை. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே காவிரியின் தென்கரையில் திருச்செந்துறை என்னும் ஊர் உள்ளது. தென்னவன் இளங்கோவேளாரின் மகளும், முதற் பராந்தக சோழனின் மகன் அரிகுலகேசரியின் தேவியுமாகிய பூதி ஆதித்த பிடாரியார் அவ்வூர்க் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தார். அதனையடுத்த அந்தநல்லூர்க் கற்றளியை எடுப்பித்தவன் செம்பியன் இருக்குவேளாகிய பூதி பராந்தகன். கொடும்பாளூரிலேயே உள்ள முசுகுந்தேசுவரர் கோயில், முதற் பராந்தகன் காலத்தில் மகிமாலய இருக்குவேள் என்பானால் எடுக்கப்பட்டது. இவ்வூர்களை ஒரு படத்திற் குறித்துக் கோடிட்டு இணைத்தால், வறண்ட கோனாட்டிலிருந்து நீர்வளம் மிக்க காவிரிக் கரைவரை இக்குடியின் செல்வாக்குப் பரந்திருந்தமை விளங்கும்.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. கல்வெட்டில் நாம் காண்பது பெரும்பாலும் கொடுக்கப்பட்ட நிலமே. கோயிலுக்கு விட்டது தேவதானம். அந்தணர்க்கு அளித்தது பிரமதேயம். சமணப் பள்ளிக்கு உரியது பள்ளிச்சந்தம். மடத்திற்கு விட்டது மடப்புறம். இவற்றின் நான்கெல்லையும் வேலி, மா என்னும் அளவும், நீங்கிய வரியும் கல்லில் எழுதப்பெற்றன. தலைவன் தனக்கென வைத்துக்கொண்ட நிலத்தை அங்ஙனம் எழுதிவைக்க வேண்டிய தேவை எழவில்லை. ஆதலின், இக்குடியின் நிலவுடைமையை ஆராயப் புகுவோர்க்கு ஓர் உண்மை எதிர்ப்படுகின்றது. அவர்கள் வைத்திருந்தது எவ்வளவு என்பதைக் காட்டிலும், அவர்கள் கொடுத்தது எவ்வளவு என்பதே நமக்குத் தெளிவாகத் தெரிகின்றது.

பூதி விக்கிரமகேசரி மூன்று தளிகளை எடுத்ததோடு அமையவில்லை. அவற்றின் அருகே பெரியதொரு மடத்தையும் கட்டுவித்தான். மதுரையைச் சேர்ந்தவரும், ஆத்திரேய கோத்திரத்தில் தோன்றியவரும், வித்தியாராசி, தபோராசி என்னும் ஆசிரியரிடம் பயின்றவருமாகிய மல்லிகார்ச்சுனர் என்னும் காளாமுகத் துறவியிடம் அம்மடத்தை ஒப்படைத்தான். ஐம்பது துறவியர்க்கு உணவளிக்கும் பொருட்டுப் பதினொரு ஊர்களை அதற்கு விட்டான். பூதியின் ஆட்சிக்கு உட்பட்ட ஊர்களின் தொகை கல்வெட்டில் இல்லை. பிறர் பசி தீர்க்க அவன் விட்ட ஊர்களின் தொகை உள்ளது. இடங்கழியாரின் களஞ்சியம் திறந்த கதையும் இப்பதினொரு ஊர்களின் செய்தியும் ஒரே ஊரில், ஒரே குடியில் நிகழ்ந்தவை என்பது எண்ணி மகிழத்தக்கது.

குடியின் மறைவு

பேரரசரோடு உறவு பூண்டமை இக்குடிக்கு உயர்வையும் தந்தது. அவ்வுயர்வுக்குரிய விலையையும் கேட்டது. கொடும்பாளூர் வேளாராகிய பராந்தகன் சிறியவேளார் சுந்தர சோழனின் படைத்தலைவராய் ஈழம் சென்றார். சுந்தர சோழனின் ஒன்பதாம் ஆட்சியாண்டில் ஈழத்துப் போர்க்களத்தில் வீழ்ந்தார். கொடும்பாளூர் மண்ணிற் பிறந்தவர் கடல் கடந்து, தம் வேந்தன் பொருட்டு உயிர் துறந்தார்.

அதன்பின் முதல் இராசராசன் காலத்தில் ஆட்சிமுறை மாறியது. கி.பி. 1001ஆம் ஆண்டளவில் சோழ நாட்டு நிலம் முழுவதையும் அளக்கும் பணி தொடங்கிற்று. நாடு வளநாடுகளாக வகுக்கப்பெற்றது. வளநாடுகளுக்கு அரசனின் பட்டப்பெயர்களே இடப்பட்டன. வழிவழி வந்த குறுநிலத் தலைவர் தம் நாட்டை ஆளும் முறை தளர்ந்து, அரசனின் அலுவலர் ஆளும் முறை வலுப்பெற்றது. அந்நிலையில் இருக்குவேளிரின் பெயர் கல்வெட்டுகளில் அருகிச் சென்றது. போரில் தோற்றுக் குடி அழிந்ததாகச் செய்தி இல்லை. பெரிய ஆற்றிற் கலந்த சிற்றாறு தன் பெயரை இழப்பதுபோல, இக்குடியும் பேரரசிற் கலந்து பெயர் இழந்தது.

எஞ்சியது

நூற்றாண்டுகள் பல கழிந்தன. கொடும்பாளூர் பிற்காலத்தில் புதுக்கோட்டைச் சமத்தானத்துக்கு உட்பட்டது. அச்சமத்தானத்தார் தம் எல்லைக்குட்பட்ட கல்வெட்டுகளைப் படியெடுத்து, 1929இல் நூலாக அச்சிட்டனர். புதுக்கோட்டை 1948இல் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. மூவர் கோயில் இன்று நடுவணரசின் தொல்லியல் துறையினரால் பாதுகாக்கப்படுகின்றது. பூதி எழுதுவித்த குலமுறையைப் பள்ளி மாணவரும் இன்று அறிய முடிவது, சிதைந்த எழுத்தை ஒன்றொன்றாகத் தடவிப் படித்தோரின் பொறுமையால் விளைந்த பயனாகும்.

ஆயினும் பழங்கோயில் கற்கள் பெயர்க்கப்பட்டு வேறு கட்டடங்களிற் பயன்படுத்தப்பட்டமை பல ஊர்களிற் கண்ட உண்மை. ஒரு கல்லைப் பெயர்ப்பவன் சுவரின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துச் செல்வதாக நினைக்கின்றான். அக்கல்லில் ஒரு குடியின் முதல்வன் பெயர் இருத்தல் கூடும். ஓர் ஊரின் எல்லை இருத்தல் கூடும். ஒரு குளத்தின் நீருரிமை இருத்தல் கூடும். பூதியின் கல்வெட்டில் தொடக்க வரிகள் சிதைந்தமையால், பாண்டியன் யானைகளைக் கவர்ந்த வீரன் ஒருவன் பெயரற்றவன் ஆயினான். அவனுக்குப் பெயர் கொடுக்க இனி எவராலும் இயலாது.

தம் ஊரில் பழங்கோயில் உள்ள மாணவர் அதன் சுவரை ஒருமுறை உற்று நோக்குதல் நலம். சுண்ணாம்பு பூசாமலும், எழுத்தின்மேல் தம் பெயரைக் கீறாமலும் காத்தலே அவர் செய்யத்தக்க முதற்பணி. கபிலர் போற்றிய நாற்பத்தொன்பது தலைமுறையின் பெயர்கள் நமக்குக் கிட்டவில்லை. கல்லில் நிலைத்த சில தலைமுறைகளின் பெயர்களே கிட்டின. அவருள்ளும் தாம் வென்ற யானைகளாலும் கோட்டைகளாலும் இன்று எவர்க்கும் பயன் விளைந்தவர் இலர். திறந்த களஞ்சியமும், ஐம்பதின்மர்க்குச் சோறிட்ட பதினொரு ஊர்களுமே அக்குடியின் பெயரைக் கேட்போர் நெஞ்சில் நிறுத்துகின்றன. உயர்குடிப் பிறப்பு என்பது முன்னோர் பெயரை எண்ணிக் காட்டுவதில் இல்லை. பின்னோர் எண்ணத்தக்க செயலைச் செய்து வைப்பதிலேயே உள்ளது.